புறாவுக்கு விட்ட வரிசை

ஐம்பத்தேழு வயதுவரை ஒரு மிளகாய்க் கன்றுக்குக்கூடத் தண்ணீர் ஊற்றியறியாத பத்மநாதன், கனடாவில் விட்பி என்ற ஊருக்கு வடக்கே மூன்று ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயறு விதைக்கப் போகிறார் என்றதும் அஜின்கோர்ட்டில் அவரை அறிந்தவர்கள் எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பிறந்தது யாழ்ப்பாணத்துக் கொடிகாமம்தான், அதில் குற்றமில்லை. ஆனால் தகப்பன் தபாற்கந்தோரில் இருந்தவர். வீட்டில் மண்வெட்டி பிடித்ததெல்லாம் கூலிக்கு வந்த ஆட்கள். கனடாவுக்கு வந்த பிறகு முப்பத்தொரு வருசம் பாண் பேக்கரியில் பின்னேர ஷிப்ற். மாவைத் தவிர வேறொன்றையும் அந்தக் கை பிசைந்ததில்லை.

முதல் வருசம் காலம் பிந்தி விதைத்தார். நெற்று முற்றுமுன்னே உறைபனி விழுந்து எல்லாம் கருகிப் போயிற்று. சிரித்தவர்கள் இன்னொரு முறை சிரித்தார்கள். இரண்டாம் வருசம் வைகாசி முடியுமுன்னே விதைத்தார். ஆனியில் களை பிடுங்கினார், ஆடியில் பம்ப் வைத்துத் தண்ணீர் இறைத்தார், முதுகுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு வேலைக்குப் போனார். ஆவணி பிறக்க, செடி முழங்காலுக்கு மேலே வளர்ந்து, அடி நெற்றுகள் கறுக்கத் தொடங்கின. சிரிக்க ஆளில்லை.

அந்தச் சந்தோசத்தில் அவர் மனைவி பாலேஸ்வரி பிள்ளையார் கோயிலில் வாயை விட்டுவிட்டார். வருகிற தைப்பொங்கலுக்குக் கோயிலில் எத்தனை பானை வைத்தாலும் அத்தனைக்கும் பயறு எங்கள் வயலில் இருந்துதான் என்று சொல்லிவிட்டார். காரியதரிசி அதை அப்போதே மைக்கில் அறிவித்தார். வறுத்த பயறு போடாத பொங்கலை யாழ்ப்பாணத்தார் பொங்கல் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பயறு கனடா மண்ணில் விளைந்தது என்றதும் சனம் கைதட்டியது. கோயில் மைக்கில் ஏறிய சொல்லை இறக்குவது லேசுப்பட்ட காரியமில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பயறு குறையத் தொடங்கியது.

பத்மநாதன் வயலுக்குப் போவது காலையில். பகல் ஒரு மணிக்குத் திரும்பி, சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடவேண்டும். ஒவ்வொரு முறை போகும்போதும் வயல் வாசலில், கேற்றடிப் பக்கத்து வரிசைகளில் முற்றிய நெற்று இல்லை. முதல் நாள் இரண்டு வரிசை, அடுத்த கிழமை ஐந்து. நிமிர்ந்து பார்த்தால் ஆகாயம் நிறையப் புறா. காணிக்காரர் கிளன் என்ற வெள்ளைக்காரக் கிழவரின் பழைய களஞ்சியத்தில் நூற்றுக்கணக்கில் குடியிருந்த சாம்பல் புறாக்கள் அவை. கிழவரிடம் முறையிட்டபோது, அவை தன் டிராக்டர் முழுவதும் எச்சம் போடுவதாகவும், சுட்டுத் தள்ளினால் தான் நன்றி சொல்வதாகவும் சொன்னார். இந்த நாட்டில் அந்தப் புறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு ஒன்றும் கிடையாது.

மனைவியிடம் மெல்லக் கதை விட்டுப் பார்த்தார். ஊரில் நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்த நாட்கள் அவை. அங்கே கொடியேறினால் இங்கே பாலேஸ்வரியின் குசினியில் இருபத்தைந்து நாளும் மரக்கறிதான், முட்டைகூட வாசலைத் தாண்டாது. கோயிலுக்கு நேர்ந்த பயறு, அதன்மேல் ஓர் உயிர் போகக்கூடாது, தின்றால் தின்னட்டும் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். இவருக்கு அதற்குமேல் வாய் திறக்கப் பயம். இப்படியே போனால் தை மாதம் கடையில் வாங்கிய பயற்றைச் சாக்கு மாற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டி வரும். கோயிலில் பொய் சொல்லத் துணியாத மனிதர் அவர். அதைவிட, இரண்டு வருசம் தன் முதுகை முறித்து விளைத்தது வீணாகப் போவதை அவரால் தாங்க முடியவில்லை.

ஆகவே சீமோனிடம் போனார்.

சீமோன் மன்னார்ப் பேசாலைக்காரர், கத்தோலிக்கர். பத்மநாதனும் அவரும் வந்த புதிதில் ஒரே பேஸ்மெண்டில் ஒரே மெத்தையில் மாறி மாறிப் படுத்தவர்கள். சீமோன் கூரை வேலைக்குப் போனார். அங்கே மரியோ என்ற இத்தாலிய முதலாளிக்கு வேட்டைப் பைத்தியம். அது இவருக்கும் தொற்றி, வகுப்புக்குப் போய், சோதனை பாஸ் பண்ணி, துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதினார். அந்தப் பத்திரத்தில் மனைவியும் கையெழுத்து வைக்கவேண்டும். துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே இந்தக் குளிருக்குள் வந்து கிடக்கிறோம், அதைக் காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவரப் போகிறீர்களா என்று வேரோனிக்கா மூன்று மாதம் பேனையைத் தொடவில்லை. கடைசியில் தொட்டது, மனுசன் கட்டிலில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக் குறிவைத்த கோலத்தைச் சகிக்க முடியாமல்தான். வாங்கிய துவக்கால் சீமோன் இரண்டு வருசமாக ஒரு வாத்தின் இறகைக்கூட உதிர்க்கவில்லை என்பது வேறு கதை.

பத்மநாதன் தன் யோசனையைச் சொன்னபோது சீமோனுக்கு முதலில் விளங்கவில்லை.

"நான் சுட்டா எனக்குப் பாவம். அதுவும் நல்லூர்க் காலம்," என்றார் பத்மநாதன்.

"அப்ப நான் சுட்டா?"

"உங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்குத்தானே மச்சான். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் முந்திப் போய்ச் சாமியாரிட்டச் சொன்னா முடிஞ்சுது. எங்களுக்கு உப்பிடி வசதி இல்லை. எல்லாத்தையும் அடுத்த பிறப்புக்கெல்லோ கொண்டுபோறம்."

சீமோன் அரை நிமிசம் யோசித்தார். சமய ரீதியாக அதில் ஏதோ பிழை இருப்பதுபோலத்தான் பட்டது. ஆனால் துவக்கைத் தூக்க ஒரு காரணம் கிடைத்த சந்தோசத்தில் அதை ஆராய மனம் வரவில்லை. வியாழக்கிழமை வருகிறேன் என்றார்.

வியாழக்கிழமை பத்மநாதன் பேக்கரிக்குப் போனை எடுத்து வயிற்றுக்குத்து என்றார். வழக்கம்போல வானை மனைவிக்கு விட்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் பஸ் எடுக்கப் போவதாக இறங்கி, தெருமுனையில் நின்ற சீமோனின் பிக்கப்பில் ஏறினார். பின்னால் பூட்டிய பெட்டியில் துவக்கு. மரியோ இரவல் கொடுத்த இரண்டு பிளாஸ்டிக் புறாக்கள் சீற்றில் இருந்தன. நெடுஞ்சாலையில் பக்கத்து லேனில் வந்த சின்னப் பிள்ளையொன்று அவற்றுக்குக் கை காட்டியது. வேரோனிக்கா கட்டிக் கொடுத்த பார்சலில் சீமோனுக்கு மீன் அடைத்த பணிஸும், விரதக்காரருக்கென்று தனியாகச் சுற்றிய உருளைக்கிழங்கு ரோல்ஸும், ஒரு பிளாஸ்க் பால் விடாத பிளேன்ரீயும் இருந்தன. கொலை செய்யப் போகிற இடத்திலும் விரதம் முறியக்கூடாது என்பதில் எல்லாரும் கவனமாகத்தான் இருந்தார்கள்.

ஐந்து மணிக்கு வயலில் நின்றார்கள். வெயில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. பகல் முழுக்கப் புழுங்கிய மண்ணிலிருந்து சூடு ஏறியது. மேற்கே பயற்றுக்கு அடுத்தாற்போல் கிளன் கிழவரின் கோதுமை வயல், போன மாதம் அறுத்துவிட்டதால் வெறும் தாளாகக் கிடந்தது. கிழக்கே ஆளுயரச் சோளம். பிக்கப்பைக் களஞ்சியத்துக்குப் பின்னால் விட்டுவிட்டு, சோளத்தின் ஓரத்தில் வெறும் பெயிண்ட் வாளிகள் இரண்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். பிளாஸ்டிக் புறாக்களைப் பயற்றுக்கு நடுவே குத்தி வைத்துவிட்டு வந்த சீமோன், தூரத்தில் நின்று பார்த்துத் தானே ஒருமுறை ஏமாந்தார்.

புறாக்கள் ஆறரைக்குப் பிறகுதான் வரத் தொடங்கின. களஞ்சியக் கூரையிலிருந்து பத்துப் பதினைந்தாக எழும்பி, ஒரு வட்டம் போட்டு, பயற்றுக்கு மேலால் தாழ்ந்து மேற்கே போவதும் வருவதுமாக இருந்தன. சீமோன் எழுந்து வெடி வைத்தார். ஒன்றும் விழவில்லை. மறுபடி வைத்தார். சோளத்தில் இரண்டு இலை விழுந்தது.

"முன்னுக்குப் பிடிச்சுச் சுடவேணும். அது போற இடத்துக்குச் சுடவேணும், நிக்கிற இடத்துக்கில்லை," என்று பத்மநாதன் பாடம் எடுத்தார்.

"நீ எத்தினை புறா சுட்டனி?"

"நான் சைவம்."

மூன்றாவது வெடிக்கு ஒரு புறா மடங்கி, பொத்தென்று பயற்றுக்குள் விழுந்தது. சீமோனுக்குக் கொஞ்ச நேரம் நம்ப முடியவில்லை. இரண்டு வருசத்தில் முதல் பறவை. பத்மநாதன் வாளியிலிருந்து துள்ளி எழுந்து கையைத் தட்டியவர், பாதியில் நினைவு வந்து அதே கையைக் கூப்பி, முருகா என்னை மன்னித்துக்கொள் என்று நெற்றியில் வைத்தார். பிறகு அடுத்த கூட்டம் வருகிறது பார் என்று சீமோனின் முதுகில் தட்டினார். கை பிடிபட்டதும் சீமோன் வேறு ஆளாகிவிட்டார். அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னும் மூன்று. இடையிடையே பணிஸும் தேத்தண்ணியும். பேஸ்மெண்டுக் காலத்தில் வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் கருவாடு பொரித்த கதை, போலீஸ் வந்த கதை எல்லாம் எழும்பியது. இருவரும் இப்படி ஒன்றாக உட்கார்ந்து எத்தனை வருசம் என்று கணக்குப் பார்க்க இருவருக்கும் வெட்கமாக இருந்தது.

வெக்கைக்கு இறைச்சி பழுதாகிவிடும் என்று சீமோன் கத்தியை எடுத்துப் புறாவைத் துப்பரவாக்கத் தொடங்கினார். கழுத்தடியில் இரைப்பை சின்னப் பை போல வீங்கி நின்றது.

"வெட்டு, என்ர பயறை நான் பாக்கவேணும்," என்றார் பத்மநாதன். குரலில் வழக்குக்குச் சாட்சி கிடைத்த வேகம்.

சீமோன் கீறினார். உள்ளேயிருந்து கொட்டியது கோதுமை. பத்மநாதன் விரலால் கிளறிப் பார்த்தார். கோதுமை, இரண்டு மூன்று சின்னக் கல், ஏதோ புல் விதை. இரண்டாவது புறாவிலும் கோதுமை. மூன்றாவதிலும் நான்காவதிலும் அதே. ஒரு பயறு, பேருக்கு ஒரு பச்சைப் பயறு இல்லை. புறாக்கள் அறுத்த வயலில் சிந்திய கோதுமையைத் தேடித்தான் போயிருக்கின்றன. பயறு அவற்றுக்குப் போகிற வழி, அவ்வளவுதான்.

"அப்ப என்ர பயறை ஆர் தின்டது?" என்றார் பத்மநாதன். அவர் முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. ஒன்றுமறியாத நான்கு உயிர்கள் காலடியில் கிடந்தன.

சீமோன் பதில் சொல்ல வாயெடுத்தபோது கேற்றடியில் ஒரு வான் வந்து நின்றது. அது பத்மநாதனின் சொந்த வான். சீமோன் சட்டென்று துவக்கைத் திறந்து தோட்டாவைக் கழற்றி மண்ணில் வைத்தார். இருவரும் சோளத்துக்குள் பதுங்கினார்கள். வானிலிருந்து பாலேஸ்வரி இறங்கினார். பின்னால் கோயில் உடுப்போடு, நெற்றியில் விபூதியோடு இரண்டு பெண்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை.

பாலேஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு வரிசைக்குள் இறங்கி, முற்றிய நெற்றாகப் பார்த்து அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தார். கூச்சப்படாமல் பிடுங்குங்கோ, பூசைக்கு வந்த ஆட்கள் எல்லாரும் கொண்டு போனவைதான், கோயிலுக்கு இவ்வளவும் தேவைப்படாது என்று அவர் சொல்வது காற்றில் தெளிவாகக் கேட்டது. பெண்களின் கை கோழி கொத்துகிற வேகத்தில் ஓடியது.

"உதுதான் உன்ர புறா," என்று சீமோன் காதுக்குள் சொன்னார். "உதுக்கு என்ர துவக்கு காணாது மச்சான்."

பத்மநாதன் எழும்பப் போனார். அப்போது அந்தப் பெண்களில் ஒருத்தி, உங்கள் அவருக்கு வயல் வேலை, கமம் எல்லாம் தெரியும் என்று நாங்கள் கேள்விப்படவில்லையே என்றாள்.

"ஆரும் நம்பேல்லை," என்றார் பாலேஸ்வரி. "நானும் நம்பேல்லை. உந்த மனிசன் இரவில பேக்கரி, காலமை வயல் எண்டு நித்திரையில்லாமல் நிண்டு உண்டாக்கினது. நான் கமக்காரன்ர மேள். எங்கட அப்பாவின்ர வயலிலயும் உப்பிடிப் பயறு நிண்டு நான் காணேல்லை."

எழும்பப் போனவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருசக் குடும்ப வாழ்க்கையில் தன்னைப்பற்றி அந்த வாயால் ஒரு நல்ல சொல் வந்து அவர் கேட்டதில்லை. கண் கலங்கியது. போனால் போகட்டும், எல்லாவற்றையும் பிடுங்கிக் கொடுக்கட்டும் என்றுகூட அந்த நேரம் நினைத்தார். அப்படியே இருந்து அவர்களைப் போகவிட்டிருப்பார். ஆனால் சீமோனின் போன் அடித்துவிட்டது. வேரோனிக்கா, ரோல்ஸ் போதுமா என்று கேட்க எடுத்திருந்தார்.

பெண்கள் போட்ட கூச்சலில் களஞ்சியத்துப் புறாக்கள் அத்தனையும் எழும்பின. இரண்டு கிழவர்களும் கையை உயர்த்தாத குறையாகச் சோளத்துக்குள்ளிருந்து வெளியே வந்தார்கள். பாலேஸ்வரி புருசனைப் பார்த்தார், துவக்கைப் பார்த்தார், பிறகு வரிசையாகக் கிடந்த நான்கு புறாக்களைப் பார்த்தார்.

"நல்லூர்க் காலத்தில," என்றார். கோபத்தைவிட அதில் வேதனைதான் அதிகம் இருந்தது. "கோயில் பயறுக்கு மேல. பாவத்தைச் சீமோன் அண்ணையின்ர தலையில வைச்சிட்டு நீங்கள் பக்கத்தில இருந்து தேத்தண்ணி குடிக்கிறியள், என்ன?"

பத்மநாதன் கையிலிருந்த கோதுமையை விரித்துக் காட்டினார். புறா எங்களுடைய பயற்றைத் தொடவேயில்லை என்றார். பாலேஸ்வரி கோதுமையைப் பார்த்தார். கேற்றடியில் மொட்டையாக நின்ற வரிசைகளைப் பார்த்தார். தன் கையிலிருந்த பையைப் பார்த்தார். மற்ற இரண்டு பெண்களும் தங்கள் பைகளை மெல்லச் செடிக்குள் இறக்கி வைத்துவிட்டு வானத்தை ஆராய்ந்தார்கள்.

"கேட்டவைக்கு இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை," என்றார் பாலேஸ்வரி கடைசியில். "இந்த நாட்டில இத்தினை வருசத்தில என்னட்ட வந்து, உங்கட காணியோ எண்டு ஒராளும் கேட்டதில்லை."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. அழுதபடியே தீர்ப்பும் சொன்னார். இந்தப் புறாக்கள் செத்தது தன்னால்தான். இரத்தம் விழுந்த வயல் பயற்றைச் சும்மா தூக்கிக் கோயிலுக்குக் கொடுக்க முடியாது. பிள்ளையாரிடம் ஓர் அடையாளம் கேட்டு, நடு வயலில் ஒரு வரிசையைத் தொடாமல் புறாக்களுக்கென்று விடவேண்டும். வந்து தின்றால் மன்னித்துவிட்டன என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கோயிலுக்குக் கொடுப்பார். பனி விழுமுன் தின்னாவிட்டால் மைக்கில் ஏறித் தானே இல்லையென்று சொல்லுவார், அதற்காகக் கடைப் பயறும் வாங்கமாட்டார். செத்ததை எறியவேண்டாம், கொண்டுபோய்ச் சமையுங்கள் என்று சீமோனுக்கும் ஒரு கட்டளை கிடைத்தது.

நல்லூர் முடிந்தது. முன்பு பையோடு வந்த கோயில் பெண்கள் எல்லாரையும் பாலேஸ்வரி போனில் பிடித்து, தின்றவர்கள் வந்து பிடுங்கித் தரவேண்டும் என்றார். சனிக்கிழமைகளில் ஒன்பது பத்து வான் வந்து நின்றது. கேற்றடி தவிர வயல் முழுவதும் அப்படியே இருந்ததால் பயறு சாக்குச் சாக்காகச் சேர்ந்தது. காயவைத்து, புடைத்து, கராஜில் அடுக்கியாயிற்று. நடு வரிசை மட்டும் கறுத்த நெற்றோடு நின்றது. ஒரு புறா எட்டிப் பார்க்கவில்லை. பத்மநாதன் கோதுமைத் தாளை ஒட்டி நின்று, கையைக் காட்டி, வாருங்கள் வாருங்கள் என்று அவற்றைக் கூப்பிட்டதைக் கிளன் கிழவர் டிராக்டரில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தூவிய அரிசியைக்கூட அவை மதிக்கவில்லை. பிளாஸ்டிக் புறாக்களை வரிசைக்குள் வைத்துப் பார்த்தும் பயனில்லை. பத்மநாதனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புரட்டாதி பாதியில் ரேடியோவில் வாற கிழமை உறைபனி என்றார்கள்.

சுட்டவர் சீமோன். நண்பன் போனில் அழாக்குறையாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். அடுத்த மூன்று நாளும், மனம் நொந்த பத்மநாதன் வயல் பக்கமே போகாமல் இருந்த நேரம் பார்த்து, தனியே பிக்கப்பை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். கூரை வேலை தின்ற முழங்கால்கள். உட்கார்ந்தால் எழும்ப இரண்டு கை வேண்டும். வாளியை நகர்த்தி நகர்த்தி, வரிசையின் ஒரு தலைப்பில் தொடங்கி மறு தலைப்புவரை, ஒரு நெற்று விடாமல் பிடுங்கி முடித்தார். பிடுங்கியதை வேரோனிக்காவிடம் கொடுத்து வாயைத் திறக்கக்கூடாது என்றார்.

நான்காம் நாள் காலை பத்மநாதன் வயலிலிருந்து மனைவிக்குப் போன் எடுத்து, புறா தின்றுவிட்டது என்று கத்திய கத்தலில் அவருக்குக் காது அடைத்துப் போயிற்று. பாலேஸ்வரி வந்து வரிசையின் நீளத்துக்கு நடந்து பார்த்தார். குனிந்து ஒரு செடியை நிமிர்த்திப் பார்த்தார், பக்கத்து மண்ணில் வட்ட வட்டமாக வாளி அழுந்திய தடத்தையும் பார்த்தார். சரி, கோயிலுக்குக் கொடுப்போம் என்றார். பத்மநாதன் அன்றைக்கு மூன்று நேரமும் சாப்பிட்டார்.

தைப்பொங்கலன்று வெளியே முழங்காலளவு பனி. கோயில் மண்டபத்துக்குள் பானைகள் பொங்கிச் சரிந்தன. காரியதரிசி மைக்கில் இரண்டு தரம் பெயர் சொன்னார். சீமோனும் வேரோனிக்காவும் வந்திருந்தார்கள். பத்மநாதன் புது வேட்டியில், கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போகிற கோலத்தில், ஆளாளுக்குப் புறாக் கதை சொல்லிக்கொண்டு நின்றார். பாலேஸ்வரி சட்டியும் அகப்பையுமாக வந்து சீமோனுக்கு முன்னால் நின்றார்.

"புறா நெற்றை உடைச்சுப் பயறைத்தான் தின்னும் அண்ணை," என்றார் தணிந்த குரலில். "கோது செடியிலயே கிடக்கும். காம்போட பிடுங்கிக்கொண்டு போற புறாவை நான் இன்னும் காணேல்லை."

சீமோனின் கரண்டி நின்றது. வேரோனிக்கா யன்னலுக்கு வெளியே பனியைப் பார்க்கத் தொடங்கினார்.

"அப்ப உது எனக்கு முதலே தெரிஞ்சிருந்தா, புறாவைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டனே..." என்று பக்கத்தில் நின்ற பத்மநாதன் தொடங்கினார்.

"முதல், கோதுகூடக் கிடக்கேல்லை எண்டு என்னட்டச் சொன்னனீங்களோ?"

சீமோன் தான் ஏமாற்ற நினைத்ததற்கு வெட்கப்பட்டவராய், தலையைக் குனிந்தபடி, "தெரிஞ்சும் பிறகேன் குடுத்தனீங்கள், தங்கச்சி?" என்றார்.

"முழங்கால் ஏலாத மனிசன் ஒரு வரிசை முழுக்கக் குனிஞ்சு பிடுங்கியிருக்குது, எங்கட மானத்துக்காண்டி," என்றார் பாலேஸ்வரி. "பிள்ளையாரிட்ட நான் கேட்ட அடையாளம் உதைவிடப் பெரிசா வரப்போகுதோ?"

அவர் இன்னும் இரண்டு அகப்பை பொங்கலை அந்தத் தட்டில் வைத்தார். சீமோன் போதுமென்று சொல்லவில்லை.